பருத்தழும்புக்கு லேசர்: மாநிறத் தோலில் ஒரு நிகழ்வு ஆய்வு

தென்மாவட்டம் ஒன்றிலுள்ள எங்கள் தோல் சிகிச்சை மையத்தில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சிகிச்சை பெற்ற ஒரு பெண்ணின் நிகழ்வை, முதல் வருகையிலிருந்து இறுதி மதிப்பீடு வரை இங்கே பதிவு செய்கிறோம். அவருடைய ஒப்புதல் பெறப்பட்டது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டோ மாற்றப்பட்டோ உள்ளன. இது அரிய நோயும் அன்று, புதிய சிகிச்சையும் அன்று. இதே வேண்டுகோளோடு வருபவர்கள் வாரந்தோறும் இருக்கிறார்கள். அந்த வேண்டுகோள் பெரும்பாலும் “லேசர் போட வேண்டும்” என்ற வடிவத்தில்தான் வருகிறது. குழியின் வகை என்ன, தோலின் நிலை என்ன என்ற கேள்விகளுக்குப் பிறகே கருவியைப் பற்றிப் பேச வேண்டும் என்பதற்கு இந்நிகழ்வு தெளிவான சான்றாக அமைந்தது.

பின்னணி

நோயாளிக்கு அப்போது 26 வயது. தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியை. காலையும் மாலையும் ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போய் வருபவர். 16 வயதில் நெற்றியில் தொடங்கிய பருக்கள், கல்லூரிக் காலத்தில் இரு கன்னங்களிலும் வலியுள்ள கட்டிகளாகப் பழுத்து, ஆறும்போது குழிகளை விட்டுச் சென்றன. “வயசுக் கோளாறு, கல்யாணமானால் போய்விடும்” என்று வீட்டில் சொன்னதால் அந்த ஆண்டுகளில் மருத்துவரிடம் செல்லவில்லை. தழும்பு விழும் பருவுக்குத் தொடக்கத்திலேயே மருந்து கொடுத்திருந்தால், பின்னால் குழியை நிரப்பப் படும் பாட்டில் பெரும்பகுதி தேவைப்பட்டிருக்காது.

அதற்குப் பிறகு உறவினர் ஒருவர் சொன்ன கிரீமை மருந்துக்கடையில் வாங்கி, ஒன்றரை ஆண்டுகளுக்கும் மேலாக இரவுதோறும் பூசி வந்திருக்கிறார். குழாயை வாங்கிப் பார்த்தபோது அது ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின் மூன்றும் கலந்த கலவை. மங்குக்கு மருத்துவரின் மேற்பார்வையில் சில வாரங்களுக்கு மட்டும் தரப்பட வேண்டிய மருந்து அது. ஸ்டீராய்டு பூச்சு மருந்துகள் பலவற்றை மருத்துவர் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டும் என 2018ஆம் ஆண்டிலேயே விதி வந்துவிட்டது. ஆயினும் இவர் ஒருமுறைகூடச் சீட்டு காட்ட வேண்டியிருக்கவில்லை. பூசும் நாள்களில் முகம் வெளுத்துப் பளபளப்பாக இருந்தது என்றும், இரண்டு நாள் விட்டால் முகம் எரிந்து பருக்கள் கிளம்பின என்றும் சொன்னார்.

ஆடி மாதத்தில் தாயாருடன் வந்தார். திருமணம் பேசி முடிக்கப்பட்டிருந்தது. தை மாதக் கடைசியில் முகூர்த்தம் என்றார்கள். தாயாரின் முதல் கேள்வி, “எத்தனை சிட்டிங்ல சரியாகும் டாக்டர்? கல்யாணத்துக்குள்ள முடிஞ்சிடுமா?” என்பதாக இருந்தது. மகள் அதிகம் பேசவில்லை. புகைப்படம் எடுப்பதென்றால் வலது கன்னத்தைத் திருப்பிக்கொள்வேன் என்று மட்டும் சொன்னார்.

முதல் பரிசோதனையில் கண்டவை

பருத்தழும்பைக் கூரை விளக்கின் நேர் வெளிச்சத்தில் பார்த்தால் பாதி மறைந்துவிடும். விளக்கை அணைத்துவிட்டு, காதுப்பக்கமிருந்து சிறு டார்ச்சைக் கன்னத்தோடு சாய்த்துப் பிடித்தபோதுதான் இவருடைய தோலின் மேடுபள்ளம் முழுமையாகத் தெரிந்தது. பின்னர் இரு விரல்களால் தோலை இழுத்துப் பிடித்து, எந்தக் குழி சமமாகிறது, எது அப்படியே நிற்கிறது என்று பகுதி பகுதியாகக் குறித்துக்கொண்டோம்.

குழித்தழும்புகளை மூன்றாகப் பிரிப்பது இன்றைய வழக்கம். ஊசியால் குத்தியதுபோல் 2 மில்லிமீட்டருக்கும் குறைவான வாயும் மிகுந்த ஆழமும் கொண்டவை ஐஸ்பிக். அம்மைத்தழும்பு போலச் செங்குத்தான விளிம்பும் தட்டையான அடியும் கொண்டவை பாக்ஸ்கார். 4, 5 மில்லிமீட்டருக்கு மேல் அகன்று, விளிம்பு தெளிவில்லாமல் அலைபோல் இறங்கி ஏறுபவை ரோலிங். இவருக்கு மூன்றுமே இருந்தன. மூக்கின் இரு பக்கமும் கன்னத்தின் உட்பகுதியில் ஐஸ்பிக் குழிகள். கன்னத்தின் நடுவில் ரோலிங். நெற்றிப்பொட்டுப் பகுதிகளில் பாக்ஸ்கார். வலது கன்னத்தின் ரோலிங் குழிகள் சில, தோலை இழுத்தபோதும் சமமாகவில்லை. அடியில் நார்ப்பட்டைகள் தோலைக் கீழ்நோக்கிப் பிடித்திழுத்துக்கொண்டிருப்பதன் அறிகுறி அது. தழும்பின் கடுமையை நான்கு நிலைகளாகப் பிரிக்கும் குட்மன்–பாரன் அளவுகோலில், 50 சென்டிமீட்டருக்கு அப்பாலிருந்தும் தெளிவாகத் தெரிந்து, இழுத்தாலும் மறையாதவை நான்காம் நிலையில் வைக்கப்படும். இரு கன்னங்களும் அந்த நிலையிலேயே இருந்தன.

தழும்போடு வேறு மூன்றும் இருந்தன. தாடையோரத்தில் இன்னும் ஆறாத பருக்கள் ஏழெட்டு. கன்னங்களில் மெல்லிய இரத்தநாளங்கள் தெரியுமளவு தோல் மெலிந்த சிவப்பு. பழைய பருக்கள் ஆறிய இடங்களில் பழுப்புக் கறை. கறையையும் குழியையும் அவர் ஒன்றாகவே எண்ணியிருந்தார். கறை நிறமியின் வேலை, நாளடைவில் மங்கும். குழி என்பது அடித்தோலில் கொலாஜன் என்ற புரதம் குறைந்துபோன இடம், தானாக நிரம்பாது. கண்ணாடியைக் கையில் கொடுத்து இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினோம்.

தோல் நிறம், வெளிர் முதல் கருமை வரை ஆறாகப் பிரிக்கும் பிட்ஸ்பாட்ரிக் வகைப்பாட்டில் ஐந்தாம் வகை. சிறு வெட்டுக்காயம், கொசுக்கடி எதுவாயினும் ஆறிய பின் மாதக்கணக்கில் கருமை நிற்கும் தோல் தமக்கு என்று அவரே சொன்னார். இந்த ஒரு வாக்கியம் பின்வந்த முடிவுகள் பலவற்றைத் தீர்மானித்தது. கேலாய்டு, அதாவது காயத்தின் எல்லையைத் தாண்டித் தடித்து வளரும் தழும்பு, வந்த வரலாறு இல்லை. உதட்டோரக் கொப்புளம் இரண்டொரு முறை வந்ததுண்டு. மாதவிலக்குச் சீராக இருந்தது.

முதலில் லேசரைத் தொடாததன் காரணம்

அன்றே முதல் அமர்வை முடித்துவிடலாமா என்று குடும்பத்தார் கேட்டார்கள். மூன்று காரணங்களால் மறுத்தோம்.

ஸ்டீராய்டு பூசிப் பழகிய தோல் மெலிந்து, காயம் ஆறும் ஒழுங்கை இழந்திருக்கும். கிரீமை நிறுத்தியதும் சில வாரங்கள் சிவந்து, எரிந்து, பருக்கள் பொங்கும். அந்தத் தோலில் வெப்பத்தைச் செலுத்துவது எரிகிற அடுப்பில் எண்ணெய் விடுவதற்குச் சமம். அடுத்து, புதிய பருக்கள் வந்துகொண்டிருக்கும்வரை புதிய குழிகளும் வரும். ஆறு மாதச் சிகிச்சை ஒரு கட்டியில் வீணாகலாம். மூன்றாவது காரணம் குழிகளின் வகையைச் சார்ந்தது. கதிரை நுண்புள்ளிகளாகப் பிரித்துச் செலுத்தும் பிராக்‌ஷனல் லேசர் ஆழமற்ற பாக்ஸ்கார் குழிகளின் விளிம்பைத் தணிப்பதிலும், பரவலாகத் தோலின் மேற்பரப்பைச் சீராக்குவதிலும் நல்ல பலன் தரும். நார்ப்பட்டை இழுத்துப் பிடித்திருக்கும் ரோலிங் குழியை அது விடுவிக்காது; ஐஸ்பிக் குழியின் அடியைப் பெரும்பாலும் எட்டவே எட்டாது. இவருக்கு மிகவும் உறுத்தலாக இருந்தவை அந்த இரண்டும்தான்.

ஐசோட்ரெட்டினாயின் கொடுப்பதா என்பதும் விவாதிக்கப்பட்டது. தழும்பு விழும் பருவுக்கு அதுவே மிகச் சிறந்த மருந்து. அதை உட்கொள்ளும்போதும், நிறுத்திய பின் ஆறு மாதம் வரையிலும் லேசர் கூடாது என்ற பழைய விதியை, அமெரிக்கத் தோல் அறுவை மருத்துவர்களின் சங்கம் 2017இல் வெளியிட்ட கூட்டுப் பரிந்துரை பிராக்‌ஷனல் லேசரைப் பொறுத்தவரை பெரிதும் தளர்த்திவிட்டது. ஆகவே லேசர் இங்கே தடையாக இருக்கவில்லை. ஆனால் அம்மருந்து கருவைக் கடுமையாகப் பாதிக்கும். உட்கொள்ளும் காலத்திலும், நிறுத்திய பின் ஒரு மாதமும் கருத்தரிக்கக் கூடாது. திருமணத்தை ஒட்டி அந்தப் பொறுப்பை ஏற்க அவர் விரும்பவில்லை. அவருடைய பருக்களின் கடுமையும் அப்போது நடுத்தரமாகவே இருந்தது. எனவே பருவைக் கட்டுப்படுத்த டாக்சிசைக்ளின் மாத்திரையும், இரவில் அடபலின் பூச்சும், பகலில் சன்ஸ்கிரீனும் தொடங்கினோம். ஸ்டீராய்டு கிரீம் அன்றோடு நிறுத்தப்பட்டது.

அன்று கேட்ட ஒரு கேள்வியையும் பதிவு செய்ய வேண்டும். “இப்போது இருப்பதில் பாதி குறைந்தால் போதும் என்று உங்களால் இருக்க முடியுமா?” என்று அவரைத் தனியே கேட்டோம். தழும்பு உள்ளவர்களில் சிலர், எவ்வளவு குறைந்தாலும் கண்ணாடியிலிருந்து விலக முடியாத மனநிலையில் இருப்பார்கள். அவர்களுக்கு லேசரைவிட மனநல ஆலோசனையே முதலில் தேவை. இவர் சிறிது யோசித்து, “கிளாஸ்ல முதல் பெஞ்சுல இருக்கற பிள்ளைங்க என் முகத்தையே பாக்காம இருந்தா போதும் டாக்டர்” என்றார். நிறைவேறக்கூடிய எதிர்பார்ப்பு அது. தை மாதத்துக்குள் முழுமையாகச் சரியாகாது என்பதைத் தாயாரிடமும் சொல்லி, ஒப்புதல் படிவத்தில் எழுதிக்கொண்டோம்.

எதிர்பார்த்தபடியே இரண்டாம் வாரத்தில் முகம் சிவந்து பருக்கள் பெருகின. பழைய கிரீமுக்குத் திரும்பலாமா என்று தொலைபேசியில் கேட்டார். இதை முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் வாரம் ஒருமுறை வரவழைத்துப் பார்ப்பதே போதுமாக இருந்தது. எட்டு வாரங்களின் முடிவில் புதிய பருக்கள் ஏறத்தாழ நின்றன. தோலின் எரிச்சலும் அடங்கியது. டாக்சிசைக்ளின் வெயிலுக்குத் தோலைக் கூச வைக்கும் மருந்தாதலால், அடுத்த கட்டத்துக்கு முன் நிறுத்தப்பட்டது.

ஊசியும் அமிலமும்

செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் இரு செயல்முறைகள் ஒரே நாளில் செய்யப்பட்டன. முதலாவது சப்சிஷன். மரத்துப்போகும் ஊசி போட்டபின், ஒரு ஊசியைத் தோலுக்கு இணையாக உள்ளே செலுத்தி, முன்னும் பின்னும் விசிறிபோல அசைத்து, குழியைக் கீழே பிடித்திழுக்கும் நார்ப்பட்டைகளை அறுப்பதே இதன் வேலை. பட்டை அறுபடும்போது ‘நறுக்’கென்ற சிறு அதிர்வு கைக்குத் தெரியும், வலது கன்னத்தில் அது பல இடங்களில் தெரிந்தது. அறுத்த இடத்தில் தேங்கும் இரத்தம் உறைந்து, தோல் மீண்டும் அடியோடு ஒட்டிக்கொள்வதைச் சிறிது காலம் தடுப்பதோடு, புதிய கொலாஜன் உருவாகவும் தூண்டுகிறது. பத்து நாள் கன்றல் இருந்தது.

இரண்டாவது, ஐஸ்பிக் குழிகளுக்கு டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம். முகம் முழுவதும் பூசித் தோலை உரிக்கும் பீல் அன்று இது. கூர்மையாகச் சீவிய பல்குச்சியின் நுனியில் அமிலத்தைத் தொட்டு, குழியின் அடியில் மட்டும் அழுத்துவது. கொரிய மருத்துவர்கள் 2002இல் இம்முறையை எழுதியபோது 65 முதல் 100 விழுக்காடு வரையிலான செறிவைப் பயன்படுத்தினார்கள். கருமை விழும் தோல் என்பதால் நாங்கள் 50 விழுக்காட்டில் தொடங்கினோம். சில நொடிகளில் ஒவ்வொரு குழியும் வெண்புள்ளியாக உறைந்தது. சுற்றியுள்ள தோலில் ஒரு துளி பட்டாலும் குழியின் வாய் அகன்றுவிடும். எனவே பூதக்கண்ணாடியோடு ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டிய பொறுமையான வேலை இது.

இவ்விரண்டுக்கும் ஆகும் செலவு லேசருக்கு ஆவதில் சிறு பகுதிதான். விளம்பரப் பலகையில் இவை இடம்பெறாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

லேசர்: சோதனைப் பகுதியும் முதல் அமர்வும்

சப்சிஷன் செய்த அதே நாளில் வலது காதுக்கு முன்னால், முடியோரமாக, நகமளவு இடத்தில் லேசரைச் செலுத்திச் சோதனைப் பகுதி அமைத்தோம். கருமை விழுவதாயின் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் தெரியும் என்பதால் நான்கு வாரம் காத்திருந்தோம். கருமை விழவில்லை.

பயன்படுத்தியது பிராக்‌ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசர். இதன் கதிர் 10,600 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது; தோலிலுள்ள நீர் அதை உறிஞ்சி ஆவியாகிறது. (இந்த லேசரை 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய குமார் படேல், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்தவர்.) முற்காலத்தில் முகத்தின் மேற்தோல் முழுவதையும் இதனால் சீவி எடுத்தார்கள், வெள்ளைத் தோலிலேயே வாரக்கணக்கில் ஆறாத காயமாக நின்ற அம்முறை, நம் தோலுக்குச் சிறிதும் ஒவ்வாதது. 2004இல் வெளியான பிராக்‌ஷனல் கொள்கை இதை மாற்றியது. கதிரை நுண்புள்ளிகளாகப் பிரித்துச் செலுத்தினால், கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் மட்டுமே விழும். துளைகளுக்கு இடையிலுள்ள தொடப்படாத தோலிலிருந்து செல்கள் வந்து சில நாள்களில் மேற்பரப்பை மூடிவிடும். அடியில் பட்ட வெப்பத்தின் விளைவாகக் கொலாஜன் சீரமைவது அதன்பின் மாதக்கணக்கில் தொடரும்.

இந்த லேசர் தோலின் நிறமியான மெலனினைத் தேடிச் செல்வதில்லை. ஆயினும் வெப்பமும் அதைத் தொடரும் அழற்சியும் நிறமிச் செல்களைச் சீண்டும். எவ்வளவு பரப்பில் துளையிடுகிறோம் என்ற அடர்த்தி கூடக் கூட, துளைகளுக்கிடையே வெப்பம் தேங்கி, கருமைக்கான வாய்ப்பும் கூடும். ஆகவே ஆழத்தைத் தேவைக்கு வைத்துக்கொண்டு அடர்த்தியைக் குறைத்தோம்: புள்ளிக்கு 20 மில்லிஜூல், 5 விழுக்காடு அடர்த்தி, ஒரே சுற்று. இந்த எண்கள் எங்கள் கருவிக்குரியவை. வேறு கருவியில் இதே எண் வேறு ஆழத்தைக் குறிக்கும் என்பதால் அப்படியே எடுத்தாளக் கூடாது.

அக்டோபர் மூன்றாம் வாரத்தில் முதல் அமர்வு. உதட்டோரக் கொப்புள வரலாறு இருந்ததால் முந்தைய நாளிலிருந்தே வைரஸ் தடுப்பு மாத்திரை தொடங்கப்பட்டது. மரத்துப்போகும் களிம்பைப் பூசி ஒரு மணி நேரம் மூடி வைத்து, பின் முற்றிலும் துடைத்து, கண்களுக்கு உலோகக் கவசம் இட்டு, குளிர்காற்று ஊதியபடி இரு கன்னங்களுக்கும் நெற்றிப்பொட்டுகளுக்கும் மட்டும் லேசர் செலுத்தினோம். நெற்றியில் குழிகள் இல்லாததால் அங்கே செலுத்தவில்லை. முதல் நாள் வெயிலில் காய்ந்ததுபோல் எரிச்சல். மூன்றாம் நாள் லேசர் பட்ட இடமெங்கும் ரவை தூவியதுபோல் பழுப்புநிறப் பொருக்கு. ஏழாம் நாளில் அது தானே உதிர்ந்தது. அந்த வாரம் முழுவதும் வாசலின் மட்டும் பூசச் சொல்லியிருந்தோம். பொருக்கு உதிர்ந்தபின் இரும்பு ஆக்சைடு கலந்த, தோல்நிறச் சன்ஸ்கிரீனைத் தந்தோம். நம் தோலில் புற ஊதாக் கதிர் மட்டுமன்றிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கருமையைத் தூண்டும். அதைத் தடுப்பது அந்த ஆக்சைடு. ஐந்தாம் வாரத்தில் கருமை இல்லை. பாக்ஸ்கார் குழிகளின் விளிம்பு சற்றே தணிந்திருந்தது.

இரண்டாம் அமர்வுக்குப் பின் வந்த கருமை

நவம்பர் கடைசியில், எந்த அளவையும் மாற்றாமல் இரண்டாம் அமர்வு செய்யப்பட்டது. திருமணத்துக்கு இரண்டு மாதத்துக்கும் மேல் இடைவெளி இருந்ததால் அதுவே திருமணத்துக்கு முந்தைய கடைசி அமர்வு என்று திட்டமிட்டிருந்தோம். அப்போது நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்கவில்லை. அமர்வு முடிந்த நான்காம் நாள், இரு வீட்டாரும் கூடிப் பேசி அடுத்த வாரமே நிச்சயம் என்று முடிவு செய்தார்கள். நிச்சயத்துக்கு இரு நாள் முன்பு, அதாவது லேசருக்குப் பின் ஒன்பதாம் நாளில், அழகு நிலையத்தின் மணமகள் தொகுப்பில் அடங்கியிருந்த பிளீச்சும் ஃபேஷியலும் அவருக்குச் செய்யப்பட்டன. முன்பணம் கட்டி ஏற்பாடு செய்தவர் அத்தை. பொருக்குதான் உதிர்ந்துவிட்டதே என்று யாருக்கும் தயக்கம் தோன்றவில்லை. பொருக்கைப் பிய்க்கக் கூடாது, வெயிலில் போகக் கூடாது, மருந்து தவிர எதையும் பூசக் கூடாது என்று எங்கள் அறிவுரைத் தாளில் இருந்தது; அழகு நிலையம் என்ற பேச்சே அதில் இல்லை.

டிசம்பர் நடுவில் வந்தபோது இரு கன்னங்களிலும் சீரான இடைவெளியில் சாம்பல் கலந்த பழுப்புப் புள்ளிகள், வலை விரித்ததுபோல் தெரிந்தன. முகம் முழுவதும் பிளீச் பூசப்பட்டிருந்தும், லேசர் படாத நெற்றியில் கருமை இல்லை. லேசர் பட்டும், முடியோரம் என்பதால் பிளீச் பூசப்படாமல் விட்ட நெற்றிப்பொட்டின் மேல்விளிம்பில் கருமை மிகக் குறைவு. முதல் அமர்வில் இதே அளவுகளில் எதுவும் நேரவில்லை. லேசரோ பிளீச்சோ தனித்து இதைச் செய்யவில்லை, ஆறிக்கொண்டிருந்த தோலில் பிளீச்சின் எரிச்சல் சேர்ந்ததே காரணம் என்று இந்த மூன்றையும் வைத்து முடிவு செய்தோம். நிச்சயத்துக்காகத் துணிக்கடை, நகைக்கடை என்று வெயிலில் அலைந்ததும் கூடியிருக்கலாம்.

திருமணம் வரையிலான முடிவுகள்

கருமை வந்ததும் அதை விரைவாக அகற்றும் எண்ணம் எல்லோருக்கும் எழும். பீல் செய்யலாமா, வேறு லேசரால் கருமையை எடுக்கலாமா என்று தாயார் கேட்டார். இரண்டையும் மறுத்தோம், அழற்சியால் வந்த கருமைக்கு மேலும் ஓர் அழற்சியை மருந்தாகத் தருவது சூதாட்டம். வழக்கமாகக் கொடுக்கப்படும் மூன்று மருந்துக் கலவையில் ஸ்டீராய்டு இருப்பதால், ஒன்றரை ஆண்டுகள் அதிலேயே சிக்கியிருந்தவருக்கு அதை மீண்டும் எழுத மனம் ஒப்பவில்லை. அசலாயிக் அமிலப் பூச்சும் தோல்நிறச் சன்ஸ்கிரீனும் மட்டும் தந்து, அடபலினைத் தோல் அமைதியடைந்தபின் மெல்ல மீண்டும் சேர்த்தோம். பூச்சு மாத்திரமே என்றதும் குடும்பத்தாருக்கு ஏமாற்றம். தாயார் அடுத்த முறை மகளோடு வரவில்லை.

முகூர்த்த நேரத்தில் கருமை பாதியளவு குறைந்திருந்தது. ஒப்பனைக் கலைஞரை ஒருமுறை வரச் சொல்லி, பிளீச், ஸ்கிரப் இரண்டும் கூடாது என்றும், ஒப்பனைப் பொருள்களைக் காதோரம் முன்பே பூசிப் பார்க்க வேண்டும் என்றும் பேசினோம். நலங்கு மாவைக் கன்னத்தில் தேய்க்காமல் கை கால்களோடு நிறுத்திக்கொண்டார்கள். பிறகு கொண்டுவந்து காட்டிய திருமணப் படங்களில் கருமை தெரியவில்லை.

மீண்டும் தொடங்கியபோது

திருமணத்துக்குப் பின் மார்ச்சிலேயே அடுத்த அமர்வைச் செய்யலாமா என்று அவர் கேட்டார். மே மாத நடுவில், கருமை ஏற்பட்டு ஐந்து மாதம் கழிந்த நிலையில்தான் அது ஏறத்தாழ முழுமையாக நீங்கியது. நடுவே கத்திரி வெயிலும் இருந்தது. ஆகவே ஜூலை வரை தள்ளி வைத்தோம். கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பின், வலது கன்னத்தில் மட்டும் சப்சிஷன் மீண்டும் செய்யப்பட்டது. எஞ்சிய ஐஸ்பிக் குழிகளுக்கு அமிலம் மறுமுறை வைக்கப்பட்டது. அதன்பின் ஆகஸ்டிலும் அக்டோபரிலும் எட்டு வார இடைவெளியில் இரு லேசர் அமர்வுகள். இம்முறை கன்னங்களில் அடர்த்தியை 4 விழுக்காடாகக் குறைத்து, செங்குத்து விளிம்புள்ள பாக்ஸ்கார் குழிகளில் மட்டும் கூடுதலாக ஒரு சுற்று செலுத்தினோம். கருமை திரும்பவில்லை.

முடிவு

கடைசி அமர்வுக்கு ஆறு மாதம் கழித்து, முதல் நாளைப் போலவே பக்கவாட்டு வெளிச்சத்தில், அதே தொலைவில் படங்கள் எடுத்து ஒப்பிட்டோம். இடது கன்னம் நான்காம் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கு, அதாவது சாதாரணமாகப் பேசும் தொலைவில் எளிதில் தெரியாத நிலைக்கு வந்திருந்தது. வலது கன்னம் மூன்றில் நின்றது. அங்கே இரண்டு ஆழமான குழிகள் ஓரளவே உயர்ந்திருந்தன. ஐஸ்பிக் குழிகளில் பெரும்பாலானவை ஆழம் குறைந்தன. மூக்கையொட்டிய இரண்டு அப்படியே இருந்தன. ரோலிங் குழிகளில் கிடைத்த மாற்றத்தின் பெரும்பகுதி, லேசருக்கு முந்தைய படங்களிலேயே தெரிகிறது. அந்தப் பலன் சப்சிஷன் ஊசிக்கே உரியது. லேசரின் பங்கு நெற்றிப்பொட்டுகளிலும் கன்னத்தின் பொதுவான மென்மையிலும் தெளிவாக இருந்தது. தோலின் துவாரங்கள் பெரிதாகத் தெரிவது குறையும் என்று அவர் எதிர்பார்த்தார்; அது மாறவில்லை.

வலது கன்னம் இன்னும் கொஞ்சம் சரியாகியிருக்கலாம் என்பது அவருடைய கருத்து. எங்கள் கருத்தும் அதுவே. ஆயினும் அதற்குள் அவர் கருவுற்றிருந்தார். அடபலின் உடனே நிறுத்தப்பட்டது. கர்ப்ப காலத்தில் பயன்படுத்தத் தக்க அசலாயிக் அமிலமும், மங்கு வராமலிருக்கச் சன்ஸ்கிரீனும் தொடர்ந்தன. மேற்கொண்டு செய்வதைப் பற்றிப் பிள்ளைப்பேற்றுக்கும் பாலூட்டும் காலத்துக்கும் பிறகு யோசிக்கலாம் என்று முடிவானது.

நடைமுறையில் மாற்றியவை

திருமணத்தை முன்னிட்டு வருபவர்களிடம் முகூர்த்த நாளை மட்டும் கேட்டுவந்த நாங்கள், இப்போது நிச்சயம், நலங்கு, வரவேற்பு, மறுவீடு எல்லாவற்றையும் கேட்கிறோம். நாள் குறிக்கப்படாதவற்றுக்கும் இடம் விட்டு, கடைசி லேசர் அமர்வைத் திருமணத்துக்கு மூன்று மாதம் முன்னதாகவே முடித்துக்கொள்கிறோம். அந்தக் கால அளவு இல்லாவிட்டால், சப்சிஷனோடு நிறுத்தி, லேசரைத் திருமணத்துக்குப் பின் வைக்கச் சொல்கிறோம். சிலர் இதைக் கேட்டதும் வேறிடம் போய்விடுவதும் உண்டு.

அறிவுரைத் தாள் மாற்றி எழுதப்பட்டது. “எதையும் பூசக் கூடாது” என்ற பொதுவான வரிக்குப் பதிலாக பிளீச், ஃபேஷியல், ஸ்கிரப், திரெடிங், மஞ்சள், எலுமிச்சை, கடலை மாவு என்று பெயர் சொல்லி, லேசருக்குப் பின் ஆறு வாரம் என்று கால அளவும் போட்டிருக்கிறோம். நோயாளியோடு கூட, வீட்டில் இவ்வேற்பாடுகளைச் செய்பவர் யாரோ அவரையும் ஒருமுறை அழைத்து வரச் சொல்லி, தாளை அவர் கையில் கொடுக்கிறோம். பொருக்கு உதிர்வது மேற்தோல் மூடிய அடையாளம் மட்டுமே, உள்ளே வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்பதையும் அப்போது சொல்கிறோம்.

மற்றொன்று, பதிவு பற்றியது. ஒவ்வொரு செயல்முறைக்கும் முன்னும் பின்னும் தனித்தனியே பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுக்காமல், தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் எடுத்திருந்தால், இந்த முகத்தில் கிடைத்த பலன் முழுவதையும் லேசரின் கணக்கில் எழுதியிருப்போம். இப்போது சப்சிஷன் முடிந்து நான்காம் வாரத்தில் ஒரு படத்தொகுதியைக் கட்டாயமாக்கியிருக்கிறோம். அதை நோயாளிக்குக் காட்டிய பிறகு, லேசர் இன்னும் வேண்டுமா என்று கேட்கிறோம். சிலர் அங்கேயே போதும் என்று சொல்லிவிடுகிறார்கள்.